குழுவில் விளம்பரத்துக்கு வரம்பு வகுப்பது எப்படி? புதிய நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

காட்பாடிப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றின் வாட்ஸ்ஆப் குழுவை நானும் இன்னும் மூன்று பேரும் சில ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறோம். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல், எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்தார், மறுநாள் காலை நடக்கவிருந்த அறுவை சிகிச்சைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை என்று குழுவில் எழுதினார்கள். அதற்குச் சற்று முன்பு மூன்று மனைப்பிரிவு விளம்பரங்களும், அதற்குப் பின்பு வரிசையாகப் பதினெட்டுச் சுடிதார் படங்களும் வந்து விழுந்தன. அந்த வகை ரத்தம் உடையவர் ஒருவர் இரண்டு வீடு தள்ளியே இருந்தார். விளம்பரத் தொல்லை தாங்காமல் குழுவின் அறிவிப்பு ஒலியை நிறுத்தி வைத்திருந்ததால், காலை ஏழு மணிக்குத்தான் செய்தியைக் கண்டார். ரத்தம் வேறு வழியில் கிடைத்துவிட்டது என்றாலும், அன்றைய கலக்கம் எங்களை விட்டு நீங்கவில்லை. அந்த வாரமே விளம்பர விதிகளை எழுத உட்கார்ந்தோம்.

வேலூர் மருத்துவத்துக்குப் பேர்போன ஊர். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் தோட்டப்பாளையத்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். உள்ளூர்க் குழுக்களில் அறை கேட்பவர்களும் ரத்தம் கேட்பவர்களும் மிகுதி. அதே குழுக்களை நம்பித்தான் மாவு அரைத்து விற்கிற பெண்களும், தையல் தொழில் செய்கிறவர்களும், இலவம்பாடி முள் கத்தரிக்காயைத் தோட்டத்திலிருந்து நேரே கொண்டுவந்து தருகிற இளைஞர்களும் பிழைக்கிறார்கள். ஆகையால் விளம்பரத்தை அடியோடு ஒழிப்பது நியாயமாகாது. அதற்கு உரிய இடத்தையும் நேரத்தையும் ஒதுக்கி, மற்ற நேரத்தில் குழுவை அதன் முதன்மை வேலைக்கு விட்டுவைப்பதே சரி. கீழே சொல்லியிருப்பவை அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவை. புதிதாகக் குடியிருப்போர் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, முன்னாள் மாணவர் குழு போன்றவற்றைத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற் படி: இரண்டு வாரம் கவனியுங்கள்

விதி எழுதுவதற்கு முன், உங்கள் குழுவில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்கெடுத்துவிடுங்கள். ஒரு நோட்டில் நாள்தோறும் வந்த பதிவுகளை வகைவாரியாகக் குறித்தால் போதும்: உறுப்பினர் தம் சொந்தத் தொழிலைப் பற்றிச் சொன்னவை எத்தனை, வெளியார் விளம்பரத்தை அப்படியே தள்ளிவிட்டவை எத்தனை, தேவை கேட்டவை எத்தனை. நாங்கள் எண்ணிப் பார்த்தபோது தொல்லை என்று நினைத்திருந்தவற்றில் பெரும்பகுதி எங்கள் தெருவாசிகளின் தொழில் விளம்பரங்களாக இல்லை. யாரோ எங்கோ நடத்துகிற வணிகத்தின் படங்களை நான்கைந்து பேர் பல குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த உண்மை தெரியாமல் விதி எழுதியிருந்தால், தெருமுனையில் மாவு விற்கிறவரைத் தண்டித்திருப்போம்.

இரண்டாம் படி: எது விளம்பரம் என்று வரையறுங்கள்

பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன. "விளம்பரம் கூடாது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அவரவர் தம் பதிவு விளம்பரமாகாது என்றே வாதிடுவார்கள். நாங்கள் வைத்துக்கொண்ட வரையறை இது: ஒரு பதிவைப் படித்துவிட்டு யாரேனும் பணம் கொடுத்தால், அந்தப் பணத்தால் பதிவிட்டவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அவரை அனுப்பியவருக்கோ ஆதாயம் கிடைக்குமானால், அது விளம்பரம்.

இந்த வரையறையை வைத்துப் பார்த்தால் பல குழப்பங்கள் தெளிகின்றன. "நல்ல எலக்ட்ரீஷியன் யாரேனும் இருக்கிறாரா?" என்று கேட்பது விளம்பரமாகாது, அதற்குப் பதிலாக ஒருவர் தமக்குத் தெரிந்தவரின் எண்ணைத் தருவதும் விளம்பரமாகாது. ஆனால் பதில் சொல்கிறவர் தம் மைத்துனரின் எண்ணைத் தருகிறார் என்றால், "இவர் என் மைத்துனர்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்தே தரவேண்டும். உறவைச் சொல்வதில் எந்த இழிவும் இல்லை. சொல்லாமல் மறைத்து, பின்னால் தெரியவரும்போதுதான் மனம் கசக்கிறது. பழைய மிதிவண்டி, கட்டில், பிள்ளைகள் படித்து முடித்த பாடநூல் முதலியவற்றை ஒருமுறை விற்பதற்கும், சொந்த வீட்டு மாடியை வாடகைக்கு விடுவதற்கும் நாங்கள் தனிச் சலுகை வைத்திருக்கிறோம்: எந்த நாளிலும் பதிவிடலாம், ஆனால் ஒரே முறைதான்.

மிகக் கடினமானது மறைமுக விளம்பரம். "என் பெரியப்பாவுக்கு இந்தப் பொடியால் மூன்றே மாதத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது, வேண்டுமானால் தனியே கேளுங்கள்" என்று அனுபவக் கதை போல வருவது இவ்வகை. "தனியே கேளுங்கள்" என்ற சொல் வந்தாலே நிர்வாகி விழித்துக்கொள்ள வேண்டும். அங்கே விலை கேட்டுப் பாருங்கள்; விலை சொன்னால் அது விளம்பரம்.

நிதியுதவி கேட்கும் பதிவுகளை விளம்பரத்தோடு சேர்க்காதீர்கள். அவற்றுக்குத் தனி விதி வேண்டும். குழுவில் உள்ள ஒருவராவது அந்தக் குடும்பத்தை நேரில் அறிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் போதும்.

மூன்றாம் படி: நாளும் இடமும் குறியுங்கள்

பொய்கையில் செவ்வாய்தோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. மாடு வாங்குகிறவரும் விற்கிறவரும் அன்றைக்கே வந்து சேருகிறார்கள். மற்ற நாட்களில் யாரும் யார் வீட்டு வாசலிலும் மாட்டைக் கட்டி விலை பேசுவதில்லை. குழுவுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். வாரத்தில் ஒரு நாளையும் அந்த நாளில் சில மணி நேரத்தையும் ஒதுக்குங்கள். எங்கள் குழுவில் வாக்கெடுப்பு நடத்தியபோது, பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்களே என்று சொல்லிப் பெரியவர்கள் புதன்கிழமையைக் கேட்டார்கள், இளையவர்களும் மறுக்கவில்லை.

ஐம்பது அறுபது பேர் கொண்ட குழுவுக்கு ஒரு நாள் முறையே போதுமானது. இருநூறைத் தாண்டிவிட்டால், ஒரே நாளில் வந்து குவிகிற விளம்பரங்களே தனித் தொல்லையாகிவிடும். அப்போது விளம்பரத்துக்கென்று தனிக் குழு தொடங்கி, விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரும்படி செய்யுங்கள். வாட்ஸ்ஆப்பில் 2022 நவம்பரில் வந்த சமூகம் என்ற வசதி இதற்கே ஏற்றது: ஒரே குடையின் கீழ் அறிவிப்புக் குழு, பொதுக் குழு, சந்தைக் குழு எனப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்றாலும், அவ்வளவு பேரை ஒரே குழுவில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டெலிகிராமில் ஒரே குழுவுக்குள் தலைப்புகளாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. ஒருவர் அடுத்தடுத்துப் பதிவிடுவதற்கு இடையே இத்தனை நேரம் கழிய வேண்டும் என்று கட்டுப்படுத்தவும் முடியும். உறுப்பினர்களில் வயதானவர்கள் மிகுதியாக இருந்தால், அவர்களுக்குப் பழகிய செயலியை மாற்றாதீர்கள்.

நான்காம் படி: விளம்பரத்தின் வடிவத்தைச் சொல்லுங்கள்

விளம்பரத்தில் விற்கிறவரின் பெயர், பொருள், விலை, கிடைக்குமிடம், தொடர்பு எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும்; ஒரு வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு பதிவு, ஒரு பதிவுக்கு ஒரு படம். விலையை எழுதாமல் "தனிச்செய்தியில் கேட்கவும்" என்பதை நாங்கள் ஏற்பதில்லை. விலை வெளிப்படையாக இருந்தால் வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம், விற்கிறவரும் ஆளுக்கொரு விலை சொல்ல முடியாது. உணவுப் பொருள் விற்கிறவர்கள் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண்ணையும் சேர்க்க வேண்டும். வீட்டிலேயே சமைத்து விற்பவர்களுக்கும் பதிவு தேவை என்பது பலருக்குத் தெரியாது. எண் இல்லை என்பதற்காக உடனே தடுத்துவிடாமல், பதிவு செய்துகொள்ளக் காலம் கொடுத்து, முடிந்தால் உடனிருந்து விண்ணப்பிக்க உதவுங்கள். எங்கள் குழுவில் மூன்று பெண்களுக்கு ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்து விண்ணப்பித்துக் கொடுத்தாள். இன்று அவர்களுடைய மாவுப் பொட்டலங்களில் அந்த எண் அச்சாகியிருக்கிறது.

ஐந்தாம் படி: எந்த நாளிலும் இடம் தரக்கூடாதவை

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். மற்ற விதிகளில் தவறு நேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இங்கே தவறினால் குடும்பங்கள் நொடித்துப்போகும்.

முதலாவது, மருந்து விளம்பரம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம், அதன் அட்டவணையில் உள்ள நோய்களைத் தீர்ப்பதாகச் சொல்லி மருந்தை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், கண்புரை, பக்கவாதம், சிறுநீரகக் கல் ஆகியவை அந்த அட்டவணையில் இருக்கின்றன. வேலூருக்கு வருகிற நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் எதையும் நம்பத் தயாரான மனநிலையில் இருப்பார்கள். ஊர் புதிது, மொழி புதிது, கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும். அவர்கள் கண்ணில் இத்தகைய பதிவு ஒன்றுகூடப் படக்கூடாது. மருத்துவமனையில் முன்பதிவு வாங்கித் தருவதாகப் பணம் கேட்கிற இடைத்தரகர்களையும் இதே கண்டிப்போடு விலக்குங்கள். சிறுநீரகம் வேண்டும், விலை தருகிறோம் என்றோ, தருவதற்கு ஆள் இருக்கிறது என்றோ வருகிற செய்தி, 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதாக விளம்பரம் செய்வதையும் அதே ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் தடுக்கிறது. ரத்தம் கேட்கும் பதிவு விளம்பரமாகாது, அதற்கு எந்த நேரத்திலும் முதலிடம் உண்டு. ஆனால் ரத்தத்துக்குப் பணம் பேசினால் அதையும் நீக்குங்கள். பணம் பெற்று ரத்தம் கொடுக்கும் முறை, உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து 1998 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, பணம் போட்டால் பெருகும் என்கிற விளம்பரம். 2022-இல் நம் வட மாவட்டங்களில், மாதந்தோறும் நம்ப முடியாத வட்டி தருவதாகச் சொல்லி முதலீடு திரட்டிய நிறுவனங்கள் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்களில் பலர் அயலார் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன், உடன் வேலை பார்ப்பவர், பக்கத்து வீட்டு அக்கா என்று நம்பிக்கைக்குரியவர்களாகவே இருந்தார்கள். அவர்கள் தாங்களும் பணம் போட்டு ஏமாந்தவர்கள். 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், அத்தகைய திட்டங்களை நடத்துவதோடு விளம்பரம் செய்வதையும், தெரிந்தே பிறரை அவற்றில் சேரத் தூண்டுவதையும் குற்றமாக்குகிறது. நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, கிரிப்டோ முதலீடு, ஆள் சேர்த்தால் கமிஷன் தருகிற வணிகம் ஆகிய எதற்கும் எங்கள் குழுவில் இடமில்லை. பதிவு பெற்ற சீட்டு நிறுவனங்கள் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் முறையாக இயங்குகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் எந்தச் சீட்டு பதிவு பெற்றது, எது பெறாதது என்று சரிபார்க்கும் பொறுப்பைத் தன்னார்வ நிர்வாகி ஏற்க முடியாது. ஆகவே முழுவதுமாக மறுத்துவிடுவதே பாதுகாப்பானது என்பது என் தீர்மானமான கருத்து.

மூன்றாவது, மனை விளம்பரம். இதை அடியோடு மறுக்கத் தேவையில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்கள், 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனைச் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பதிவு எண் விளம்பரத்திலும் இடம்பெற வேண்டும். எண் இல்லாத மனைப்பிரிவு விளம்பரத்தை நீக்கிவிடுங்கள். எங்கள் குழுவில் இந்த ஒரு நிபந்தனையால் மட்டும் மனை விளம்பரங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

பட்டாசு, கிளி, நட்சத்திர ஆமை ஆகியவற்றின் விற்பனையும் வேண்டாம். இணையவழிப் பட்டாசு விற்பனையை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடுத்தது. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. முன்பணம் கேட்கிற வேலைவாய்ப்பு விளம்பரங்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: விதியை எழுதி ஒப்புதல் பெறுங்கள்

விதி சுருக்கமாக இருக்க வேண்டும். குழுவின் விளக்கப் பகுதியில் முழுவதும் அடங்க வேண்டும். எங்கள் விதியின் முக்கியப் பகுதியை இங்கே தருகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

"நம் குழு நம் தெருக்களின் தேவைக்காக இயங்குகிறது. தொழில் விளம்பரங்களைப் புதன்கிழமை மாலை 6 மணி முதல் 9 மணி வரை மட்டும் பதிவிட வேண்டுகிறோம். ஒருவருக்கு ஒரு பதிவு, ஒரு படம். பெயர், விலை, இடம், தொடர்பு எண் கட்டாயம். விற்கிறவர் நீங்களோ உங்கள் உறவினரோ என்றால் அதைக் குறிப்பிடுங்கள். மருந்து, முதலீடு, சீட்டு, ஆள் சேர்க்கும் வணிகம் ஆகியவற்றுக்கு இடமில்லை. ரத்தத் தேவை, காணாமற்போனவர் பற்றிய அறிவிப்பு, மின்தடை, குடிநீர் பற்றிய செய்திகள் எந்நேரமும் வரலாம். விதி நிர்வாகிகளுக்கும் பொருந்தும்."

இதை வெளியிடுவதற்கு முன், குழுவில் தொழில் செய்கிறவர்கள் நான்கைந்து பேரை அழைத்துப் பேசிவிடுங்கள். விதியால் பாதிக்கப்படுகிறவர்கள் அவர்கள்தாம்; அவர்களைக் கேட்காமல் எழுதிய விதி அவர்கள் முகத்தில் கதவைச் சாத்துவது போலாகிவிடும். பிறகு குழுவில் வாக்கெடுப்பு வைத்து, ஒரு வாரம் காலம் கொடுத்து, நடைமுறைக்கு வரும் தேதியை அறிவியுங்கள். விதிப் பதிவைக் குழுவின் மேற்பகுதியில் முப்பது நாட்கள் வரை நிலைநிறுத்தி வைக்க முடியும். முதல் மாதம் அவ்வாறே செய்யுங்கள். புதிதாகச் சேருகிறவருக்கு நிர்வாகிகளில் ஒருவர் வணக்கம் சொல்லி விதியைத் தனியாக அனுப்பிவைப்பது நல்ல வழக்கம்.

விளம்பரத்துக்குக் கட்டணம் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். பத்து ரூபாய் வாங்கினாலும், பொருள் கெட்டுப்போனால் "நீங்கள் காசு வாங்கிக்கொண்டுதானே போட்டீர்கள்" என்ற கேள்வி உங்கள் வாசலுக்கு வரும்.

ஏழாம் படி: மீறல் நேரும்போது

வாட்ஸ்ஆப்பில் நிர்வாகி எந்த உறுப்பினரின் பதிவையும் எல்லோருக்குமாக நீக்க முடியும். நீக்கிவிட்டு, குழுவில் எதுவும் எழுதாமல் தனிச்செய்தி அனுப்புங்கள். பொதுவில் கண்டிப்பது சிறு தவறைப் பெரும் பகையாக்கிவிடும். நாங்கள் அனுப்புகிற செய்தி இப்படி இருக்கும்: "வணக்கம்க்கா. உங்கள் பதிவு புதன்கிழமைக்கு உரியது என்பதால் எடுத்திருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். புதன் மாலை ஆறு மணிக்கு மேல் மீண்டும் போடுங்கள், விலையையும் சேர்த்துப் போட்டால் கேட்பவர்களுக்கு வசதியாக இருக்கும்." பெரும்பாலும் "சரிப்பா, மறந்துட்டேன்" என்று பதில் வந்துவிடும். இரண்டாம் முறையும் இப்படியே. மூன்றாம் முறை தொலைபேசியில் பேசுங்கள். எழுத்தில் கடுமையாகத் தோன்றுவது குரலில் மென்மையாகிவிடும். அதன் பின்னும் தொடர்ந்தால் ஒரு மாதம் விலக்கிவைக்கலாம். ஐந்தாம் படியில் சொன்ன தடைப் பதிவுகளுக்கு மட்டும் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். உடனே நீக்கி, படத்தைச் சேமித்து, பணமோசடி என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் தரும்படி பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லுங்கள்.

நிர்வாகிக்கு வருகிற உண்மையான சோதனை சொந்தக்காரர்கள் வழியாகவே வரும். என் சித்தி மகன் வெள்ளிக்கிழமை காலை தன் புதுக் கடையின் திறப்பு விழா அழைப்பிதழைப் பதிவிட்டான். அதை நான் நீக்கினேன். வீட்டில் ஒரு வாரம் பேச்சு இருந்தது. ஆனால் அதை விட்டுவைத்திருந்தால், அதற்கு முன் நான் நீக்கியிருந்த பதிவுகளுக்கு எந்த நியாயமும் இருந்திருக்காது. இப்படிப்பட்ட சங்கடத்தைக் குறைக்க வழி ஒன்று உண்டு: நிர்வாகிகள் குறைந்தது மூவராக, வெவ்வேறு தெருக்காரர்களாக, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், தம் உறவினரின் பதிவைப் பற்றிய முடிவை மற்ற நிர்வாகிகளிடம் விட்டுவிடட்டும்.

உறுப்பினர் போட்ட பதிவுக்கு நிர்வாகி சிறை செல்ல நேருமோ என்ற அச்சம் புதியவர்கள் பலருக்கு இருக்கிறது. 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், அதே ஆண்டு இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும், நிர்வாகியாக இருப்பதனாலேயே பிறர் பதிவுக்குக் குற்றப்பொறுப்பு வந்துவிடாது என்ற நிலைப்பாட்டையே எடுத்தன. நிர்வாகி தாமும் அதில் பங்குகொண்டிருந்தால் நிலைமை வேறு. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் மோசடி விளம்பரத்துக்குக் கைகூப்பி நன்றி சொல்கிற படத்தைக்கூட நிர்வாகி போடக்கூடாது.

எட்டாம் படி: ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள்

விதியை நடைமுறைப்படுத்திய ஆறாம் மாதத்தில் உறுப்பினர்களிடம் கருத்துக் கேளுங்கள். எங்கள் முதல் விதியில் விளம்பர நேரம் புதன்கிழமை காலை 8 முதல் 11 வரை என்று இருந்தது. மறுஆய்வின்போது மாவு விற்கிற அக்கா ஒருவர், அந்த நேரத்தில் தாம் கிரைண்டர் முன்னால் நிற்பதாகவும், கை ஈரத்தோடு கைபேசியைத் தொட முடிவதில்லை என்றும் சொன்னார். பூக்கட்டும் பெண்ணும் அதையே சொன்னார். அலுவலகம் செல்கிற நால்வரும் காலை நேரத்தை எழுதியபோது இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த புதனிலிருந்து நேரத்தை மாலை 6 மணிக்கு மாற்றினோம்.